கொக்கி துள்ளாத வளைவு

“முன்னுக்கு வந்து ஒக்காரு.”

அந்த ரோட்டில் யாரிடமும் சொல்லக் கூடாதது இது ஒன்றுதான் என்று கிஷாந்த் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். தக்ஷிகா சொன்னாள். கோபத்தில் சொன்னாள்.

கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், பனி உள்ளே வருகிறது. இது நம்ம சுதர்ஷினியின் சித்தப்பா மகளுக்கு நடந்தது. போன வருசம் ஐப்பசி மழையில். திம்புள்ளைப் பக்கம், மேல் டிவிசனிலிருந்து டவுனுக்கு இறங்குகிற தோட்டத்து ரோடு. நேரம் அந்திக் கருக்கல். அந்த நேரத்தில் அங்கே நாய்கூட நிற்காது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். நடுவில் கல்லும் குழியும்... பனியும்.

தக்ஷிகா அந்த லயத்து வீட்டு வரிசையில் முதன்முதலாகக் கம்பஸுக்குப் போய்ப் பட்டம் வாங்கியவள். வாய்த்துடுக்கு என்பார்கள். அன்று பின்னேரம் அவளுடைய அம்மா மீனம்மாவை மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிவிட்டது. ஒன்றிரண்டு அல்ல, கூடே கலைந்து வந்து கொட்டியது. முகம் வீங்கி, கண் மூடி, மூச்சு விசில் மாதிரி வந்தது. தோட்டத்து லொறியைக் கேட்டால், “கொழுந்து ஏத்தப் போயிருச்சு” என்றார்கள்.

மீனம்மா செத்திருந்தால் லொறி வந்திருக்கும். சவப்பெட்டியோடு, வாசல் வரைக்கும் வந்திருக்கும். அது தோட்டத்து வழக்கம். மூச்சு மிச்சம் இருக்கிறவர்களுக்குத்தான் லொறி இல்லை.

கடைசியில் கிடைத்தது கிஷாந்தின் பைக். கிஷாந்த் அவளுக்குப் பெரியம்மா மகன், அண்ணன். பைக்குக்குப் பின்னால் இரண்டு டயர் வைத்த ட்ரெயிலர் ஒன்றைத் தானே வெல்டிங் செய்து, கொக்கியில் மாட்டி, டவுனுக்கு மரக்கறி இழுத்துப் பிழைக்கிறவன். ட்ரெயிலரில் ஒரு ஆள் படுக்கத்தான் இடம். சாக்கு விரித்து மீனம்மாவைத் தூக்கினார்கள்.

“தலைய முன்னுக்கு வைங்கடி,” என்றாள் பக்கத்து வீட்டுக் காளியாயி. “காலு முன்னுக்குப் போறது பொணத்துக்குத்தான்.”

“சைலன்சர் பொகை அம்மா மொகத்துல அடிக்கும். ஏற்கெனவே மூச்சில்லாம கெடக்காங்க. ஒங்க சாத்திரத்த நாளைக்குப் பாத்துக்கலாம் ஆயா.”

காலை முன்னுக்கும் தலையைப் பின்னுக்குமாகப் படுக்க வைத்தது தக்ஷிகாதான். கிஷாந்த் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“பாரமெல்லாம் பின்னுக்குப் போயிருச்சு தங்கச்சி. ட்ரெயிலரு மூக்கத் தூக்கும். கொக்கி துள்ளும்.”

“துள்ளட்டும்.”

“துள்ளிக் கழண்டா பள்ளந்தான். டயர்ல காத்தக் கொறச்சிருக்கேன். கொக்கிக்குள்ள பழைய டியூப் ரப்பரு சுத்தியிருக்கேன். அதெல்லாம் பத்தாது, முன்னுக்குப் பாரம் வேணும். ரொம்பத் துள்ளினா சொல்லு, நிப்பாட்டிச் சித்தியத் திருப்பிப் போடுவோம். வாயால மட்டும் யாரையும் முன்னுக்கு வரச் சொல்லிறாத.”

“யாரு இருக்கா வர்றதுக்கு?”

“ஜெயந்தினி.”

ஜெயந்தினி கீழ் லயத்துப் பெண். முதல் பிரசவம். அவளுக்கும் லொறி கிடைக்கவில்லை, இதே ட்ரெயிலர்தான். கொண்டை ஊசி வளைவில் கொக்கி துள்ளியபோது கிஷாந்த், “முன்னுக்கு வந்து ஒக்காரும்மா” என்றான். வலியோடு நகர்ந்து வந்து, அவன் முதுகுப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். துள்ளல் நின்றது. ஆஸ்பத்திரி கேட்டில் இறக்கப் பார்த்தால், அப்படியே சாய்ந்தபடி... தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

“அப்புறம் ஒருநா மரக்கறிக் கடைக்குக் கோவா மூட்டை ஏத்திட்டுப் போறேன். வளைவுல துள்ளுது. பழக்கத்துல அதே வார்த்த வாயில வந்திருச்சு. கோவா மூட்டை முன்னுக்கு வருமா? ஆனா துள்ளல் நின்னுச்சு தங்கச்சி.”

“ஒங்க பேய்க்கெல்லாம் எனக்கு நேரமில்ல. பைக்க எடுங்க அண்ணே.”

பின் சீட்டில் அவள் திரும்பி உட்கார்ந்து, கையை நீட்டி அம்மாவின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். பைக் இறங்கியது.

டங்... டங்... டங்...

ஒவ்வொரு குழிக்கும் கொக்கி எகிறி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மாவின் தலை பலகையில் இடித்தது. விசில் மூச்சு அறுந்து அறுந்து வந்தது. ஊசி வளைவு தொடங்கியதும் கொக்கி எகிறிய எகிறலில் பைக்கின் பின் டயரே ஒருமுறை தரையை விட்டது. பெட்ரோல் வாடை.

“நிப்பாட்டவா?”

“நிப்பாட்டாதீங்க. மூச்சு நிக்கப் போகுது.”

டங்.

தக்ஷிகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லொறியை நினைத்தாள். பனியைப் பார்த்துக் கத்தினாள்.

“ஜெயந்தினி, நீ இருந்தா முன்னுக்கு வந்து ஒக்காரு. ஒன்னையும் இப்பிடித்தானே கொன்னாங்க. வா, வந்து ஒக்காரு.”

அடுத்த குழி வந்தது. சத்தம் வரவில்லை.

அதற்கடுத்த குழி... அதிலும் இல்லை. தண்டவாளத்தில் போவது போல ட்ரெயிலர் வழுக்கிக்கொண்டு வந்தது. பைக் மட்டும் முக்கி முக்கி இழுத்தது. பெட்ரோல் வாடை போய், பால் கசிந்து காய்ந்த சேலையின் புளித்த வாடை வந்தது. கிஷாந்த் ஆக்சிலேட்டரை முறுக்கினான். அவன் திரும்பவில்லை.

“கூப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டான்.

கணுக்காலைப் பிடித்திருந்த அவள் கைமேல் இன்னொரு கை இருந்தது. ஈரமான கை.

ட்ரெயிலருக்குள் இருந்து அம்மாவின் குரல், அன்று பின்னேரத்துக்குப் பிறகு முதன்முதலாக... தெளிவாக:

“மெதுவா ஏறும்மா. காலு இருக்கு.”

ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள். ஊசி போட்டார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். சிங்கள நர்ஸ் ஒருத்தி தக்ஷிகாவின் தோளைத் தட்டி, “பய வெண்ட எப்பா நங்கி” என்றாள், பயப்படாதே தங்கச்சி என்று. அம்மா பிழைத்துவிட்டார், இரண்டொரு நாளில் கூட்டிப் போகலாம் என்றாள். தக்ஷிகா சுவரோடு சரிந்து உட்கார்ந்து, அன்றைக்கு முதன்முறையாக அழுதாள்.

வீக்கம் வடிந்து மீனம்மா கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அக்கா,” என்றாள். “புள்ள அழுவுதா?”

“அம்மா... நான் தக்ஷி.”

“பசிக்கும்க்கா. எடுத்துட்டு வாங்க.” இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னாள். வெட்கத்தோடு சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து தக்ஷிகா பார்த்ததே இல்லை.

மருந்து மயக்கம் என்றாள் நர்ஸ். தக்ஷிகாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அப்போது கிஷாந்த் நனைந்தபடி வார்டு வாசலில் வந்து நின்றான்.

“கொக்கியக் கழட்ட முடியல தங்கச்சி. ட்ரெயிலரு காலியாத்தான் இருக்கு. ஆனா மூக்கு அழுத்திக்கிட்டு நிக்குது. ஆஸ்பத்திரி கேட்டு வாச்சரும் நானும் சேந்து தூக்கிப் பாத்துட்டோம். அசையல.”

“அதுக்கு?”

“உள்ளருந்து பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க. ஒன் பேரு.” ட்ரெயிலர் நின்ற பக்கம் கையைக் காட்டினான். “சித்தி கொரலு.”

தக்ஷிகா கட்டிலைப் பார்த்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கியது. கன்னத்தில் நிறம் வந்திருந்தது. இங்கேயே உட்கார்ந்திருந்தால், ஊரெல்லாம் இவளுடைய அம்மா என்று சொல்லப்போகிற ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். சோறு போடலாம். காலம் பூராவும் அக்கா என்று கூப்பிடுவாள்.

கட்டிலில் கிடந்தவள் அவள் விரலைப் பிடித்தாள். “போறீங்களாக்கா?”

தக்ஷிகா விரலை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

“பைக்க எடுங்க அண்ணே. அம்மாவ மழையில வச்சிருக்கோம்.”

“அப்ப இங்க கெடக்கிறது?”

“கெடக்கட்டும். ஜெயந்தினியாவது இந்தத் தடவ ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்தாளே.”

நர்ஸ் பின்னாலிருந்து கூப்பிட்டாள். தக்ஷிகா திரும்பவில்லை. அவளுக்குப் பின்னால், கட்டிலில் இருந்து, மெல்ல ஒரு தாலாட்டு தொடங்கியது. மீனம்மாவுக்குப் பாட வராது. பாட்டு பாதியில் நின்றது, பிள்ளை முழித்துக்கொண்டால் நிறுத்துவது போல... அப்புறம் பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

தக்ஷிகா வாசலைத் தாண்டி மழைக்குள் இறங்கிவிட்டாள்.