வெறும் போத்தல்

குருக்கள்மடத்துத் துறையில் தோணிக்காகக் காத்து நின்றபோது, பாய் விற்க வந்த பெண் காத்தான்குடி நெசவாளர் ஒருவரிடம் சொன்னாள்: "காய்ச்சல் பரப்புற நுளம்பு பிடிக்க வந்த சுகாதார ஐயாவுக்கு ஒரு நுளம்பும் குடுக்காம விட்டிட்டன், நானா."

"ஏன் தங்கச்சி?"

"வீட்டுக்கு ஆள் வாறாரெண்டு கூட்டிப் பெருக்கி, வேப்பிலைப் புகை போட்டன். மூணு நாளும் வெறும் போத்தலோட போனார். நுளம்பைப் பாத்தாத்தான் அது எந்தத் தண்ணியில பிறக்குதெண்டு தெரியுமாம். மகள் காய்ச்சல்ல கிடக்கக்குள்ள நான் செய்த வேலை."

"மறுகா?"

"புகையை விட்டன். பிடிச்சுப் பாத்து, தண்ணி தேங்கின பின்வளவுக் குழியை மூடுவிச்சார். மகள் எழும்பிட்டாள். அவர் நல்லா இருக்கோணும்."

தோணி வந்தது. ஏறும்போது சொன்னாள்: "நாளைக்கும் வாறாராம். புகையே போடல்ல, நானா. எண்டாலும் குடுக்க ஒரு நுளம்பும் இல்ல."