ஆடாத பெஞ்சு

சமையல் அடுப்பும் தோட்டா மருந்தும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. அதனால்தான் பெஞ்சைக் கூடத்தின் வடக்கு மூலையில் போட்டேன். மழைச் சாரலும் அங்கே எட்டாது. ரங்கூன் மழை உங்களுக்குத் தெரியாததா, இன்ஸ்பெக்டர் ஐயா?

லத்தா பேட்டையில் இருக்கும் சபாபதியின் துப்பாக்கிக் கடைக்குப் பத்தொன்பது வருஷமாகக் காலித் தோட்டாக்களில் மருந்தும் ஈய ரவையும் அடைத்துக் கொடுத்தவன் நான். இதற்கு ஆடாத பெஞ்சு வேண்டும். முதலில் தேக்கு மேசை வாங்கினேன். பக்கத்து வீட்டில் தும்மினால் நடுங்கியது. பிறகு இன்சீன் ரயில் பட்டறையில் கழித்துப் போட்ட தண்டவாளக் கட்டைகளை வாங்கி நானே செய்தேன். முப்பது வருஷம் ரயிலைச் சுமந்த கட்டை என் கைக்கா அசையும்? அதை மாடிக்கு ஏற்றிய எட்டுப் பேரில் இருவர் அன்றைக்கே கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு முறை பூமி அதிர்ந்து சூலே புத்தர் கோயில் மணிகள் தாமாக அடித்தன. என் பெஞ்சில் இருந்த தேநீர் தளும்பவில்லை.

போன மாசம் சபாபதி வந்தார். பெஞ்சைச் சுற்றி ரவை சிதறிக் கிடந்தது. இரண்டு கையாலும் பெஞ்சை உலுக்கிப் பார்த்தார்.

"பெஞ்சு மலையாட்டம் நிக்குது பெரியவரே. உங்க கைதான் ஆடுது. இனிமே நம்ம கடைப் பையன் பர்கத்துல்லா அடைக்கட்டும். நீங்க செவனேன்னு உக்காருங்க."

பெஞ்சே ஆடாதபோது கை எப்படி ஆடும்? கடைசியாக ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தேன். இருபத்தைந்து தோட்டா. அதை எடுத்துக்கொண்டு சபாபதியும் பர்கத்துல்லாவும் ஏரிக்கு வாத்து சுடப் போனார்கள். பதினோராவது தோட்டாவில் சபாபதியின் துப்பாக்கியே வெடித்துச் சிதறியது. பர்கத்துல்லா கையில் வெடித்திருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

சாவு வீட்டில் சபாபதியின் சம்சாரம் ரத்தினம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வயசாளி கை, நடுங்கிப்போச்சு. உங்க மேல எனக்குக் கோவமில்ல" என்றாள். புருஷனைப் பறிகொடுத்தவள் சொல்கிறாளே என்று பொறுத்துக்கொண்டேன்.

இப்போது நீங்களும் அதையே சொல்கிறீர்கள். "கை தவறிடுச்சுன்னு எழுதிக்கிறேன், வீட்டுக்குப் போங்க பெரியவரே" என்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் அப்படி எழுதக் கூடாது. இருபத்துநான்கு தோட்டாவை அளவாக அடைத்தேன். ஒன்றில் மட்டும், தெரிந்தே, மருந்தை அளவு மீறி அடைத்தேன். ஒரு மணி சிந்தவில்லை. இதை நடுங்குகிற கை செய்யுமா? தூக்கில் போடுங்கள்; கை தவறியது என்று மட்டும் போடாதீர்கள்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கோணலாகத்தான் விழுகிறது. உங்கள் ஸ்டேஷன் மேசையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், ஐயா. என்னமாய் ஆடுகிறது பாருங்கள்.