லிமோசினில் ஏறாத பிள்ளை

வெக்ஸ்போர்ட் பக்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒருவரையொருவர் அறிந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் குளிர் ஜாக்கெட்டுக்குள் பட்டுச்சீலை உடுத்தி, மடியில் லட்டுப் பெட்டி வைத்திருந்தார்.

“லிமோசினில ஏறமாட்டன் எண்டவள் இப்ப ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குப் போறாள்,” என்றார் அவர்.

“ஆர் அன்ரி?” என்றாள் இளையவள்.

“ஜேர்மனியில இருக்கிற என்ர தங்கச்சியின்ர மகள். பச்சைக் கட்சி. நகரசபைத் தேர்தல் கேட்டு ரெண்டு தரம் தோத்தவள். விடேல்லை. பிறகு வெண்டு, இண்டைக்கு அங்க வந்து நிக்கிறாள்.”

“அதென்ன லிமோசின் கதை?”

“என்ர மகள் பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்திய வீட்டுக்கு வந்தவள். சொந்தக்காரருக்கெண்டு நீட்டு லிமோசின் பிடிச்சனாங்கள். நாலு பேருக்கு உவ்வளவு புகை விடோணுமோ எண்டு கேட்டுட்டு, பட்டுச்சீலையோட பஸ்ஸில வந்து மண்டபத்தில இறங்கினாள். என்ர மச்சாள் அதை மேசை மேசையாச் சொல்லிச் சிரிச்சவ.”

“ஐயோ.”

“அந்த மச்சாள் வீட்டுக்குத்தான் இப்ப லட்டுக் கொண்டு போறன்.”

“பஸ்ஸிலயோ? உங்கட கார் பழுதே?”

“கார் வீட்டில நல்லா நிக்குது.”

அவர் மணியை அழுத்தினார். எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, சீலைத் தலைப்பை இழுத்துவிட்டார்.

“அவவின்ர வாசலுக்கு நேரதான் பஸ் நிக்கும். யன்னலால பாத்துக்கொண்டு நிப்பா. வடிவாப் பாக்கட்டும்.”