கண்ணாடியின் மங்கிய பக்கம்

ஒரு பழைய புகைப்படம் எந்தத் தெருவில் எடுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் வீட்டைப் பார்க்கக் கூடாது. எல்லாரும் வீட்டைத்தான் பார்ப்பார்கள். எங்கள் பேர்கன் நகரத்து வெள்ளை மரப்பலகை வீடுகள் அக்கா தங்கை மாதிரி ஒரே சாடையில் இருக்கும். பார்க்க வேண்டியது தரையை. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கல்படி எந்தப் பக்கம் இறங்குகிறது, கடல் எந்தக் கைப்பக்கம் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் வீடு தானாகத் தன் பெயரைச் சொல்லிவிடும்.

உட்கார்ந்தேதான் பேச வேண்டுமா? நடந்தால் எனக்கு வார்த்தை கோவையாக வரும். நான் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தில், "இவ காலுல யாரோ சக்கரத்தக் கட்டி விட்டுட்டாங்க" என்பார்கள். ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்புகிறேன். கதவுப் பக்கம் வர மாட்டேன்.

போர்கில்ட் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் என் வேலையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

ஓய்வு பெற்ற பிறகு ஆவணக்காப்பகத்தில் சம்பளமில்லாமல் உதவிக்குப் போகிறேன். நகராட்சிப் புகைப்படக்காரர் ஒருவர், இடிக்கப்போகும் வீடுகளையெல்லாம் இடிப்பதற்கு முன்னால் படம் எடுத்து வைத்துவிட்டுச் செத்துப்போனார். ஊரெல்லாம் ஃபிலிமுக்கு மாறிய பிறகும் அவர் கண்ணாடித் தகட்டை விடவில்லை. அவற்றை ஸ்கேனரில் வைத்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. தகட்டுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். பளபளப்பான பக்கம் கீழே, மங்கிய பக்கம் மேலே. மாற்றி வைத்தால் இடது வலமாகிவிடும். ஒன்றும் உடையாது, ஒன்றும் கிழியாது. ஊர் மட்டும் திரும்பிக்கொள்ளும்.

எந்த இடமென்று தெரியாத படங்களைப் புதன்கிழமை மதியம் நூலகத்து மாடியில் திரையில் போடுவோம். ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். காபி, வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி எல்லாம் உண்டு. படகோட்டியாக இருந்து ஓய்வு பெற்ற ஹால்வார்தான் கூட்டத்தை நடத்துவார். படம் வந்ததும் ஆளாளுக்குக் கத்துவார்கள். "அது எங்க மாமா கடை!" "உங்க மாமாவுக்குக் கடை ஏது, கடன்தான் இருந்துச்சு!" கடைசியில் ஹால்வார் என் பக்கம் திரும்புவார். "சரி, சத்தம் போட்டது போதும். சோல்ஃப்ரிட் என்ன சொல்றாள்னு கேப்போம்." நான் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். என்னை ஒரு அறை முழுக்க ஆட்கள் திரும்பிப் பார்ப்பது அந்த ஒரு மதியம்தான்.

என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு முகவரி மட்டும். நூர்ட்னெஸ் பக்கம் ஒரு சந்து, இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே வண்டிகள் நிற்கின்றன. அப்பா ஓடிப்போனார், அம்மாவும் இன்னொருவனோடு போய்விட்டாள், பிள்ளை இல்லத்துக்கு வந்தது என்று இல்லத்துத் தலைவி சமையல்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். நான் மாவு டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

பல வருடத்துக்குப் பிறகு ஒரு தகட்டில் அந்தச் சந்து வந்தது. சரிவு, கல்படி, கடல் இருந்த கைப்பக்கம், எல்லாம் பொருந்தின. வாசலில் ஒரு ஆள். மேல் ஜன்னலில் ஒரு பெண், கையை ஜன்னல் விளிம்பில் வைத்தபடி. கண்ணாடித் தகட்டைப் பெரிதாக்கினால் நகக்கண் வரைக்கும் தெரியும். இடது கையில் மோதிரம்.

எங்கள் ஊரில் கல்யாண மோதிரம் வலது கையில். புருஷன் செத்தால்தான் சிலர் இடது கைக்கு மாற்றிக்கொள்வார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா விதவை. அப்பா ஓடவில்லை, இறந்திருக்கிறார், அநேகமாகக் கடலில். அம்மா யாரோடும் போகவில்லை. வளர்க்க வழியில்லாமல் கொடுத்திருக்கிறாள். அந்தப் படம் நகர நாள்காட்டியில் வந்தது. கூட்டத்தில் கைதட்டினார்கள். அதை என் கட்டிலுக்கு மேலே மாட்டினேன். கால் மரத்துப்போகிற அளவுக்கு ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்கியது அன்றைக்குத்தான்.

போர்கில்ட் அம்மா எண்பதைத் தாண்டியவர். சான்ட்விகெனில் பிறந்து சான்ட்விகெனிலேயே இருப்பவர். துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் நூர்ட்னெஸ், அந்தப் பக்கம் சான்ட்விகென். அவருக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கிவிட்டது. திரை தெரியாது. தாளில் எடுத்துக்கொடுத்தால் பெரிய லென்ஸை வைத்து ஓரப்பார்வையில் தடவித் தடவிப் பார்ப்பார். அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் படங்களை அவர் வீட்டுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்பாகத்தான் இருப்பார். வாஃபிள் சுட்டுத் தருவார்.

ஒருநாள் நாள்காட்டியை என் முன்னால் விரித்தார்.

"அடி பொண்ணே, இது உங்க நூர்ட்னெஸ் இல்ல. எங்க சந்து."

"இல்லம்மா. கடல் வலப்பக்கம் இருக்கு பாருங்க."

"கடல விடு, இந்த ஆள் கோட்டப் பாரு. ஆம்பள பொம்பள மாதிரி பக்கம் மாத்திப் பொத்தான் போட்டிருந்தா என்ன அர்த்தம்? ஒண்ணு அவன் குடிச்சிருக்கணும், இல்ல கண்ணாடித் தகடு திரும்பியிருக்கணும். இவன் குடிக்க மாட்டான், எனக்குத் தெரியும். எங்க எதிர்வீட்டு ரொட்டிக்காரன். மேல நிக்கிறவ அவன் பொண்டாட்டி ஓலினா. ஏழு பெத்தவ, நல்லா இருந்தவ."

சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எதுக்கு அத மாட்டி வச்சிருக்கேன்னு ஹால்வார் சொன்னான். நான் கூட்டத்துல மூச்சு விட மாட்டேன். ஆனா அடுத்த வசந்தத்துல இந்தப் படங்கள வச்சு ஊர்ப் புத்தகம் அச்சாகுதுல்ல? அதுக்குள்ள நீயே சொல்லிடு. பாவம், ஓலினாவுக்கும் பேத்திங்க இருக்குதுங்க."

நியாயமான பேச்சு. நான் அதை மறுக்கவில்லை. அன்று மாலை துறைமுகத்தை ஒரு சுற்று நடந்தேன், இன்னொரு சுற்றும் நடந்தேன். வீட்டுக்குப் போனதும் கால் நிற்கவில்லை. கட்டிலுக்கு எதிரே நின்று பார்த்தேன். மோதிரம் வலது கையில் என்றால் அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிற புருஷனும் ஏழு பிள்ளைகளும் உள்ள யாரோ ஒருத்தி. அப்படியானால் என் அப்பா மறுபடி ஓட ஆரம்பித்துவிடுவார். அம்மா மறுபடி யாரோடோ போய்விடுவாள்.

தகட்டை எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். பார்க்கவில்லை. அவசியம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது சின்ன விஷயம். போர்கில்ட் அம்மாவுக்குக் கொண்டுபோகிற படங்களை மட்டும் திருப்பி அச்செடுத்தேன். பெயர்ப்பலகை இல்லாத படங்கள், ஆள் இல்லாத படங்கள். வெறும் சந்து, சுவர், படி. அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்து மனதில் பதித்துக்கொள்வார். கூட்டத்தில் எழுந்து, "இடப்பக்கம் படி இறங்குது, அதனால இது இன்ன இடம்" என்று தெளிவாகச் சொல்வார். திரையில் படி வலப்பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் சிரித்தார்கள். "போர்கில்ட், கண்ணாடியப் போட்டுட்டு வந்தியா, கழட்டிட்டு வந்தியா?" என்று ஹால்வார் கேலி செய்தார். "உன் மூஞ்சியப் பாக்க வேணாம்னுதான் கழட்டிட்டு வந்தேன்" என்று அவரும் திருப்பிக் கொடுத்தார். இலையுதிர்காலம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்தால் மற்றவர்கள் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. பல தடவை அவருக்கு ஆதரவாக நானே பேசியிருக்கிறேன். "வயசாச்சு, விடுங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் மகன் யோஸ்டைன் வந்து என்னிடம்தான் கேட்டான். "அம்மாவோட வாராவாரம் இருக்கீங்களே, உங்களுக்கு என்ன தோணுது?" நான் உண்மையைச் சொன்னேன். அவர் இடது வலம் மாற்றிச் சொல்கிறார் என்றேன். அவன் அடுப்பின் இணைப்பைத் துண்டித்தான். முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு விண்ணப்பித்தான். வாஃபிள் நின்றுபோனது. போர்கில்ட் அம்மா தன் வீட்டிலேயே கதவின் கைப்பிடியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணம் யோசிக்கத் தொடங்கினார். அது எந்தப் பக்கம் திறக்கும் என்று.

நான் அத்தோடு விட்டிருப்பேன். அவர்தான் விடவில்லை.

"என் மூளைய நம்ப வேணாம், சோல்ஃப்ரிட். நானே நம்பல. ஆனா அந்த ஓலினா படத்தோட தகட்ட ஒரு தடவ கொண்டாந்து மேசைல வைக்கச் சொல்லுவோம். கண்ணாடிக்கு வயசாகாது பாரு."

யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை, அடுத்த கூட்டத்தில் ஹால்வாரிடம் கேட்கப்போகிறேன் என்றார். "அதுக்கு முன்னாடி ஒரு எடத்த நேர்ல போய்க் கையால தொட்டுப் பாத்துட்டா எனக்கு ஒரு தைரியம் வரும். என்னக் கூட்டிட்டுப் போவியா?"

எந்த இடம் என்று கேட்டேன். சிறு வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடம் என்றார். சான்ட்விகென் சரக்குக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு குறுகிய வழி. அது கடலோரத்தில் போய்த் திறக்கும். இடப்பக்கம் சுவரை ஒட்டி இரும்புக் கைப்பிடியோடு படி. வலப்பக்கம் சரக்கு இறக்குவதற்காகத் தடுப்பில்லாமல் விட்ட விளிம்பு. அந்த இடத்தின் தகடு எங்களிடம் இருந்தது. நான் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்படி அச்செடுத்தேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும். மழையில் நனையாமல் இருக்க அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். நீங்கள் அதைத்தான் எடுத்திருக்கிறீர்கள். பழக்கதோஷம், பழைய படம் என்றால் அவர் அவ்வளவு பத்திரம்.

புதன்கிழமை காலை. ஜனவரி, விடிந்தும் விடியாத வெளிச்சம். இரவில் பெய்தது உறைந்து, அதன்மேல் மறுபடி தூறிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தார். வழி திறக்கிற இடத்தில் கையை விட்டார்.

"நீ இங்கயே நில்லு. நானே போறேன்."

இடப்பக்கம் திரும்பினார். தயக்கமே இல்லை. காலை நீட்டி, கையை நீட்டி, கைப்பிடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தார். அப்போது நின்று, தலையைத் திருப்பி என்னைக் கேட்டார்.

"சோல்ஃப்ரிட், கைப்பிடி இந்தப் பக்கந்தானே?"

"படத்துல வலப்பக்கம் இருக்கும்மா" என்றேன்.

அது பொய்யில்லை. படத்தில் வலப்பக்கம்தான் இருந்தது.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு தன்னையே கேலி செய்வது போலச் சிரித்தார். "பாத்தியா, மூளதான் போச்சுன்னு நெனச்சேன், காலும் மறந்துபோச்சு" என்றார். திரும்பினார். வலப்பக்கம் நடந்தார், கையை முன்னால் நீட்டியபடி, கைப்பிடியைத் தேடிக்கொண்டு.

நான் தொடக்கூட இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீரிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கோபமாக இல்லை. வழி கேட்கிற குரலில்தான் கூப்பிட்டார். பக்கத்தில் சுவரில் உயிர்காக்கும் வளையம் மாட்டியிருந்தது, நீங்கள் சொல்வது சரி. நான் அதைப் பார்த்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கால்கள் அன்றைக்கு அசையவே இல்லை. அவ்வளவு அமைதியாக அவை இருந்து நான் பார்த்ததில்லை. குரல் நின்ற பிறகு நூலகத்துக்குப் போனேன்.

"போர்கில்ட் எங்க?" என்று ஹால்வார் கேட்டார்.

"குளிரா இருக்கு, வரலபோல" என்றேன்.

"பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கு ஒரு வாஃபிள் எடுத்து வைத்தார். சாப்பிட்டேன். அன்று வந்த படங்களையெல்லாம் சரியாகச் சொன்னேன்.

அவர் சமையலறை மேசை இழுப்பறையில் நான் கொடுத்த படங்களெல்லாம் இருந்தன என்றும், யோஸ்டைன் அவற்றைக் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தான் என்றும் சொன்னீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை. அம்மா சாடை.

அந்த நாள்காட்டிப் படத்தின் தகட்டை ஏன் உடைக்கவில்லை என்று கேட்டீர்கள். அதை உடைத்திருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை என்கிறீர்கள். என்னைப் பற்றி அப்படி நினைத்துவிட்டீர்களே. ஒரு தகட்டில் கீறல் விழுந்தாலே எனக்கு மனசு ஆறாது. அவை ஊருக்குச் சொந்தம். போனால் வராது.

இதோ, கொண்டுவந்திருக்கிறீர்கள். ஓரத்தைப் பிடியுங்கள், விரல் படக் கூடாது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். இல்லை, இப்படி இல்லை. இப்படிப் பார்த்தால் அது ரொட்டிக்காரன் பெண்டாட்டி, எனக்கு அவளைத் தெரியாது. திருப்புங்கள். மங்கிய பக்கம் என்னைப் பார்க்கட்டும்.

ஆமாம். அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது நான் உட்காருகிறேன். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.