மைல்கல்லுக்கு ஒரு அமுக்கு

பட்டப்பகல் பன்னிரண்டு மணி. உசிலம்பட்டியைத் தாண்டி மதுரைக்கு வரும் சாலை. முன்னும் பின்னும் ஓர் ஆள் இல்லை... ஒரு காக்காய்கூட இல்லை.

என்ன சிரிப்பு? பேய் ராத்திரியில்தான் வரவேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டிருக்கிறதா? உச்சிவேளையில் கிணற்றடிக்குப் போகாதே என்று உங்கள் வீட்டில் சொன்னதில்லையா? காளைத் தம்பி, அந்தத் தகர டின்னைத் தட்டாதே. விடிந்தால்தான் மண்ணெண்ணெய்க் கடையைத் திறப்பான். சிம்மக்கல் வரிசையில் இடத்தை விட்டு எழுந்தால் போச்சு. தூங்கவும் முடியாது. கேளுங்கள்.

என் கூட்டாளி யூனுஸின் மச்சான் நைனா முகமதுக்கு நடந்தது இது. போன வருஷம், இதே யுத்தகாலத்தில். நைனா மோட்டார் ஃபிட்டர். யூனுஸின் தங்கை லத்தீபாவைக் கட்டியவன். மதுரையில் காலரா என்று, நிறைமாதக்காரியை எழுமலையில் தாய்வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றாள். வலி எடுத்ததும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காதாம். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸோ படுத்துவிட்டது. மாட்டுவண்டி என்றால் ஒரு ராத்திரி முழுக்க ஆகும்.

அந்த ஊரில் ஜெயக்கொடி என்று ஒரு விதவை. அவளுடைய மாட்டுக்கொட்டத்தில் பதினோரு வருஷமாக ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. இடது பக்கம் ஆள் உட்காரப் பெட்டி வைத்த வண்டி. பெட்டிக்குள் கோழி அடைகிடந்தது. நைனா போய்க் கேட்டான். அவள் சாணி தட்டிக்கொண்டே, "எடுத்துக்கப்பா. ஆனா ஒண்ணு," என்றாள்.

டாங்கியின் மேல் ஒரு பித்தளைக் குமிழ் இருந்தது.

"மைல்கல்லுக்கு ஒருக்கா இதை அமுக்கணும். அப்பத்தான் எஞ்சினுக்கு எண்ணெய் எறங்கும். எம்மக அழகம்மாதான் பெட்டிக்குள்ள ஒக்காந்து கல்லைப் பாத்துப் பாத்து அமுக்கிக்கிட்டே வருவா. ஏழு வயசு. எம்புருசன் ஒரு நாளும் அமுக்குனதில்ல. அவளுக்குக் காய்ச்சல் கண்டு மதுரைக்குக் கொண்டுபோனாரு. புள்ளை சுருண்டு கெடக்கு... அமுக்க ஆளில்ல. அவருக்கு நெனப்பே வரல. நட்டநடு ரோட்டுல எஞ்சின் இறுகி நின்னுபோச்சு. தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனாரு. மதுரைக்குப் போய்ச் சேரல."

அடுத்த உருண்டையை எடுத்து, "அவரும் அந்த வருசமே போயிட்டாரு," என்றாள். சாணி தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஐந்து நாள், ஐந்து ராத்திரி. நினைத்தாலே எனக்கு இடுப்பு வலிக்கிறது. இறுகிக் கிடந்த எஞ்சினுக்குள் விளக்கெண்ணெயை ஊற்றி ஊறப்போட்டான். பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே கிடந்தான். மூன்றாம் நாள்தான் அது அசைந்து கொடுத்தது. டயருக்குள் வைக்கோல் திணித்தான். எண்ணெய்ப் பம்புக்குத் தன் செருப்புத் தோலையே வட்டமாக வெட்டிப் போட்டான். சரியாக அமையவில்லை. குமிழை அமுக்கினால் டொக் என்று ஒரு சத்தம்; விரலெல்லாம் விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. வண்டி கிளம்புவதற்கு அரை பாட்டில் பெட்ரோல் கிடைத்தது. ஓடுவதற்கு ஊர்க்காரர்கள் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கொடுத்தார்கள். ஆமாம், நாம் காத்துக் கிடக்கிறோமே, இதேதான். அன்றைக்கு அந்தத் தெருவே இருட்டில் படுத்தது.

ஆறாம் நாள் காலையில் லத்தீபாவுக்கு வலி எடுத்தது. பின்னால் இன்னொருவர் உட்கார இடமில்லை. தாய் மரியம் பீவி வாசலில் நின்று அழுதாள். வண்டி கிளம்பிவிட்டது.

வெயில். மண்ணெண்ணெய்ப் புகை. டப்... டப்... டப்... பெட்டிக்குள் லத்தீபா முனகிக்கொண்டே வந்தாள். பிறகு அந்த முனகலும் இல்லை. நைனாவுக்குக் கண் சொருகுகிறது. ஐந்து ராத்திரித் தூக்கம், சும்மாவா? முதலில் சொன்னேனே, அந்த இடம். தலை தொங்கி, திடுக்கென்று விழித்தான்.

அப்போதுதான் நினைவு வந்தது. குமிழ்! கிளம்பியதிலிருந்து ஒரு தடவைகூட அமுக்கவில்லை.

பதினைந்து கல்லாவது தாண்டியிருக்கும். எஞ்சின் எப்போதோ இறுகி நின்றிருக்க வேண்டும். ஆனால் ஓடுகிறது... சீராக ஓடுகிறது. பதறிப்போய்க் கையை நீட்டினான். பக்கத்தில் ஒரு மைல்கல் வந்தது.

டொக்.

அவன் விரல் இன்னும் குமிழைத் தொடவில்லை.

"துளசிராம் அண்ணே, திரும்பிப் பாத்தாரா?" என்று என்னைக் கேட்கிறான் காளை. பார்க்கவில்லையப்பா. பயப்படக்கூடத் தெம்பில்லை என்றான் நைனா. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ. கையை இழுத்துக்கொண்டு ஓட்டினான். அடுத்த கல். டொக். அதற்கு அடுத்தது. டொக். பசுமலை தாண்டி, ஊருக்குள் நுழைந்து, ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும்...

இரண்டு உயிரும் பிழைத்தன. பெண் குழந்தை. சாயங்காலம் லத்தீபா கண் விழித்தாள்.

"என்னங்க, அந்தப் புள்ளை எங்க?"

"இந்தா, தொட்டில்லதான் கெடக்கு."

"இது இல்லங்க. என் மடியில ஒக்காந்து வந்துச்சே, அது. கல்லு வந்தா எந்திரிச்சு எந்திரிச்சு அமுக்குச்சே. ஒடம்பெல்லாம் அனலாக் கொதிச்சுச்சு. வாசல்ல வண்டி நின்னதும் 'வந்துட்டமா?'ன்னு கேட்டுச்சு. எனக்கிருந்த வலியில நான் பதிலே சொல்லல..."

நைனா தன் கைகளைப் பார்த்தான். வெறும் புழுதி. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

வெளியே வந்தான். வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பெட்டியில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல அந்தப் பக்கம் லேசாகத் தாழ்ந்திருந்தது. அவனும் இப்போது ஒரு தகப்பன். பாவமாக இருந்தது அவனுக்கு. குனிந்து, "வந்துட்டோம் தாயி. மதுரைதான். எறங்கு," என்றான்.

பெட்டிக்கு அடியில் இருந்த சுருள்வில் கிறீச்சென்று மேலே எழும்பியது.

விளக்கெண்ணெய் வாசம் அவனை நோக்கி வந்தது. அவனைக் கடந்தது. படியேறி உள்ளே போனது... லத்தீபா படுத்திருந்த அறைப் பக்கம்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஜெயக்கொடியிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

குழந்தைக்கு இப்போது ஒரு வயது. நோய்நொடி கிடையாது. இன்னும் பேச்சு வரவில்லை. போன மாதம் ஜட்கா வண்டியில் ஏற்றிப் பசுமலைப் பக்கம் கொண்டுபோனார்கள். லத்தீபா மடியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்ததாம். மைல்கல் வந்ததும் கண்ணைத் திறக்காமலே எழுந்து நின்று... வெறுங்காற்றில் கட்டைவிரலை அமுக்கியதாம்.