தண்ணீர் நிறைந்தால் கூவும்

அந்த மெஷினில் தண்ணீர் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை ஐயா. அறைக்கு அறை உருட்டிக்கொண்டு போகிற ஏசி அது. அடியில் நாலு சக்கரம், முதுகில் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். குழாய் சூட்டை ஜன்னல் வழியாக வெளியே தள்ளும். காற்றில் இருக்கிற ஈரம் தண்ணீராகி உள்ளே ஒரு தொட்டியில் சேரும். தொட்டி நிறைந்தால் மெஷின் தானாக நின்று, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கூவும். பின்பக்கம் அடியில் இருக்கிற மூடியைத் திருகி, உள்ளே இருக்கிற ரப்பர் அடைப்பைப் பிடுங்கினால் வடிந்துவிடும். மறுபடி அடைத்துப் பொத்தானை அழுத்தினால் குளிரும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம். செய்கிறவன் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் குனிய ஆள் இல்லை.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பெரியவரே, துக்கத்துல ஏதோ உளர்றீங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார். அதனால்தான் பேப்பர் கேட்டு வாங்கினேன். எனக்கு எழுதத் தெரியும். ஒரு வருஷமாகத் தெரியும்.

முதலாளியின் சிமெண்ட் குடோனில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கினேன். அதனால் எனக்கு மூட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் முதலாளிக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான். முதுகு போனபிறகு, "வீட்ல சும்மா கூடமாட இருய்யா" என்று அனுப்பினார். முதுகு போனவனைப் பார்த்துக் குனிகிற வேலைக்கு அனுப்பினார் பாருங்கள், அந்த அளவு அறிவு.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் மாடிப்படியில் விழுந்திருந்தாள். முப்பத்தொரு வயசுப் பெண், ஆனாலும் எல்லோருக்கும் பாப்பாதான். ஒன்பது வயசிலிருந்து நான் பார்த்த பிள்ளை. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, தலையைத் தவிர எதுவும் அசையாது. பெரிய டாக்டர் வீட்டாரை நிற்கவைத்துச் சொன்னார்: "இவங்களுக்கு இனிமே வேர்க்காது. ரூம் சூடானா உடம்பும் கூடவே சூடாகும். குளிர் நிக்கவே கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். ஊருக்கெல்லாம் சிமெண்ட் விற்றவர் குடியிருந்தது வாடகை வீட்டில். சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால் இந்த உருட்டுகிற ஏசி வந்தது. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துக் குழாயை மாட்டினேன். நேர்மேலே மொட்டை மாடி. மெஷின் நின்றால் அறை அடுப்புதான்.

ஒரு நாளைக்கு நாலு தடவை கூவும். காற்று புழுங்கினால் ஐந்து. அடைப்பு தரையோடு தரையாக இருக்கும், வாளி அடியில் போகாது. அகலமான தட்டை வைத்து வடித்து, தட்டிலிருந்து வாளிக்கு ஊற்ற வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மெஷினின் ஃபில்டர் வலையைக் கழற்றித் தூசி தட்டி, கழுவி, நிழலில் காயவைத்து மாட்ட வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூவும்போது முதலாளி பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அது கூவுது பாரு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அவர் வீட்டம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவார். மகன் காதில் எதையோ மாட்டிக்கொள்வான். படித்தவன், கம்ப்யூட்டரில் வேலை. ஒருநாள் என்னிடம், "அது எதுக்கு மூட்டை கத்திக்கிட்டே இருக்கு? பசிக்குதா?" என்று கேட்டான். இரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த மெஷின்.

பாப்பா அப்படி இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். தண்ணீர் வடிகிற நேரம் முழுக்க நான் தரையில் குந்தியிருப்பேன். "சும்மா தானே உக்காந்திருக்கீங்க, வாங்கண்ணே, ரெண்டு எழுத்து கத்துக்குங்க" என்றாள். அவள் வாயால் சொல்வாள், நான் சிலேட்டில் எழுதி அவள் முகத்துக்கு நேரே பிடிப்பேன். "வால் எங்கண்ணே? எலி கடிச்சிடுச்சா?" என்பாள். ஒரு கோடை முழுக்க இப்படிப் போயிற்று. ஐம்பத்தாறு வயசில் பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறினேன்.

நானாக முதலில் முழுசாகப் படித்தது அந்த மெஷினோடு வந்த புத்தகம். பத்துப் பாஷையில் இருந்தது, தமிழுக்கு ஒரு பக்கம். கூடவே வருகிற சின்னக் குழாயை மெஷினின் பின்பக்க நடுத் துளையில் பொருத்தினால் தண்ணீர் தானாக வடிந்துபோகும், தொட்டியைக் காலி செய்யத் தேவையில்லை என்று போட்டிருந்தது. பரணில் ஏறிப் பார்த்தேன். பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் குழாய் அப்படியே இருந்தது. பாத்ரூம் நாலடி தூரம், தரையும் அந்தப் பக்கம்தான் சரிவு. மாட்டியிருந்தால் மெஷின் நிற்காது, கூவாது. படித்தவர்கள் மூன்று பேர் இருந்த வீட்டில் அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை.

குழாயை என் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடையின் ஆரம்பத்தில் முதுகுக்கு வைத்தியம் பார்க்க இரண்டு நாள் லீவு கேட்டேன். போகும் முன் ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதி மெஷின் மேல் ஒட்டினேன். 'சிவப்பு விளக்கு எரிந்தால் தண்ணீர் எடுக்கவும். முதலில் தட்டை வைக்கவும்.' எழுத ஒரு ராத்திரி ஆனது. திரும்பி வந்தபோது தரையெல்லாம் தண்ணீர். தட்டை வைக்காமலே அடைப்பைப் பிடுங்கியிருந்தார்கள், அதுவும் குடோன் ஆளைக் கூப்பிட்டு. ஆனால் காகிதத்தைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தான் மகன். என் முன்னாலேயே, பாப்பாவின் கட்டிலருகே நின்று, என் குரலிலேயே எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினான். "மு… த… லில்… தட்… டை…" வீட்டம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முதலாளிகூடப் பேப்பரை இறக்கினார்.

பாப்பாவும் சிரித்தாள். "உங்க எழுத்தெல்லாம் மூட்டை தூக்கிட்டு நிக்குற மாதிரியே இருக்குண்ணே" என்றாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். வாங்கியும் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளால் துடைக்க முடியாதே, நான்தான் துண்டை எடுத்துத் துடைத்தேன். "கோச்சுக்காதீங்க" என்றாள். இதில் கோபிக்க என்ன இருக்கிறது? காகிதத்தைக் கிழித்து வாளியில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தாமதமாகத் தண்ணீர் எடுக்க ஆரம்பித்தேன். நான் இல்லாவிட்டால் அந்த வீடு என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? முதல் தடவை இருபது நிமிஷம் கூவவிட்டேன். யாரும் எழவில்லை. இரண்டாம் தடவை நாற்பது. "மூட்டை எங்க போய்த் தொலைஞ்சான்?" என்றார் வீட்டம்மா, இருந்த இடத்திலிருந்தே. மூன்றாம் தடவை ஒரு மணி நேரம். கட்டில் பக்கத்துக் கடிகாரத்தில் அறைச் சூடும் காட்டும், இருபத்து நாலிலிருந்து முப்பத்தொன்றுக்கு ஏறியிருந்தது. பாப்பாவின் முகம் சுட்ட செங்கல் நிறம். "இன்னிக்கு லேட்டுண்ணே" என்றாள். "தட்டைக் காணோம் பாப்பா" என்றேன். ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டேன். அவள் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை, மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது தடவை, போன வெள்ளிக்கிழமை. பதினொன்றேகாலுக்குக் கூவியது. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். யார் வந்து குனிகிறார்கள், பார்ப்போம் என்று இருந்தேன். யாரும் வரவில்லை. மூன்று மணிக்கு உள்ளே சத்தம் நின்றது. மூன்றரைக்கு நான் போய்த் தட்டை வைத்து, தண்ணீரை வடித்து, அடைத்து, பொத்தானை அழுத்தினேன். வலையையும் கழுவினேன், அது கழுவ வேண்டிய நாள்தான். ஆறு மணிக்கு அறை இருபத்தாறில் இருந்தது. சாயங்காலம் உடம்பு துடைக்க வருகிற நர்ஸம்மா, இந்த மாதிரிக் கேஸில் காய்ச்சல் திடீரென்று ஏறும் என்றார். பக்கத்து டாக்டர் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இது அதோடு போயிருக்கும். மூன்றாம் நாள் ஹாலில் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில்தான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மெஷின்லதாம்ப்பா கோளாறு. குளிர் பத்தல. வித்தவன் மேல கேஸ் போடணும்" என்றான் மகன்.

"இந்த மூட்டை ஏதாச்சும் பண்ணியிருப்பானோ?" என்றார் முதலாளி.

"அவனா? வாயில்லாப் பூச்சிங்க. அவனைப் போய்ச் சொல்றீங்களே" என்றார் வீட்டம்மா.

"அவனுக்கு என்னம்மா தெரியும்? அடைப்பைப் புடுங்கத் தெரியும், திரும்ப அடைக்கத் தெரியும். காலைத் தூக்கு மூட்டை, ஈரம்" என்று சொல்லி, நான் துடைத்த இடத்திலேயே நடந்து போனான்.

நான் செய்ததைத் தகரப் பெட்டி செய்தது என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். அதற்கும் ஒரு வக்கீல், ஒரு மனு. அதனால்தான் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு இங்கே வந்தேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. யாரும் வரவில்லை என்று எழுதினேன் அல்லவா, அன்று வீட்டில் யாரும் இல்லை. உறவில் ஒரு கல்யாணம். காலை ஒன்பதுக்கே மூன்று பேரும் புறப்பட்டுவிட்டார்கள், கார்க் கதவை நான்தான் சாத்தினேன். "பாப்பாவப் பாத்துக்கப்பா, தண்ணி எடுத்துடு" என்று வீட்டம்மா கண்ணாடியை இறக்கிச் சொன்னார். சரி என்றேன்.

பாப்பாவுக்கும் அது தெரியும். அதனால் அம்மா, அப்பா என்று கூப்பிடவில்லை, என்னை மட்டும்தான் கூப்பிட்டாள். முதலில் சாதாரணமாக, "அண்ணே, நின்னுடுச்சு" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள். ஒரு மணிக்கு மேல் குரல் இறங்கிவிட்டது. நான் ஸ்டூலைக் கதவோடு நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.

"அங்கதான இருக்கீங்க. மூச்சு கேக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்குச் சிரிச்சது தப்புதாண்ணே. கதவைத் திறங்க" என்றாள்.

"எந்தச் சிரிப்பு பாப்பா?" என்று கேட்டேன்.

எழுந்து கதவைத் திறந்து, குனிந்து, அடைப்பைப் பிடுங்க ஐந்து நிமிஷம் போதும். நான் எழவில்லை. பாப்பாவைக் கொன்றது நான்தான், மெஷினில் ஒரு கோளாறும் கிடையாது. இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சித்திரை மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. தட்டு நிறைகிற நேரம் அளவுக்குச் சிரித்தாள். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன் ஐயா.