அழைப்பு வராவிட்டால் வழி காலி

தொலைபேசி மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவேன். அரசுப் பணியில் முப்பத்துநான்கு வருடம் இருந்ததில் வந்த பழக்கம். அன்று காலையும் அப்படித்தான் எடுத்தேன்.

ஆஸ்டின் டவுன் வீட்டை விட்டுப் பன்னேருகட்டா தாண்டி எங்கள் தோட்டத்துக்குக் குடிவந்து ஒன்பது வருடமாகிறது. இரண்டு காடுகளுக்கு நடுவே யானைகள் போய்வர ஊரார் வேலி போடாமல் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். அதில் முதல் நான்கு ஏக்கர் என் அப்பா கொடுத்தது. வழித்தடக் குழுவுக்கு நான்தான் தலைவர். யானை வழியில் நின்றால் வனக்காவலர் சிவசங்கரன் என்னை அழைப்பார். நான் பால்காரன் கோவிந்தப்பாவை அழைப்பேன், அவன் மற்றவர்களுக்குச் சொல்வான். அழைப்பு வராவிட்டால் வழி காலி. இதுதான் ஏற்பாடு.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அந்த வழியில் குட்டி யானை ஒன்று செத்துக் கிடந்தது. காட்டுப்பன்றிக்காக என் மகன் ஸ்ரீகண்டன் மின்கம்பி இழுத்திருந்தான். யாரும் வருவதற்குள் நான் அதைச் சுருட்டி எடுத்தேன். கோவிந்தப்பா மட்டும் பார்த்துவிட்டான்.

"ஸ்வாமி, உங்க அப்பா யானைக்கு வழி விட்டாரு. உங்க மகன் கரண்டும் சேர்த்து விட்டுட்டாரே," என்றான். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நானே சொல்லிடறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

சனிக்கிழமை காலை ஐந்தே காலுக்குச் சிவசங்கரன் அழைத்தார். குட்டி விழுந்த இடத்திலேயே தாய் நிற்கிறது, நகர மறுக்கிறது என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன். செல்பேசியை மேசைமேல் வைத்தேன். காபி போட்டுக் குடித்தேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். ஐந்தரைக்குக் கோவிந்தப்பா வண்டியில் பால் கேன்களோடு எங்கள் வாசலைக் கடந்து யானை வழிப்பக்கம் போனான். வழக்கம்போல ஒருமுறை ஹாரன் அடித்தான்.

கோவிந்தப்பாவின் காரியத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு என் பொறுப்பு. அவன் மனைவி ஸ்வர்ணா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க ஃபோன் வரலைன்னுதான் தைரியமாக் கிளம்பினாரு. ஏன் ஸ்வாமி வரல?"

லைன் கிடைக்கவில்லை என்றேன். நம்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போது ஊரார் வழியை அடைக்க வேண்டும், அந்த யானையைப் பிடித்து முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்கள். அது நியாயமில்லை. அதற்காகத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். அழைக்காமல் இருந்தது நான். தெரிந்தேதான் இருந்தேன். மின்கம்பி போட்டதும் நானே என்று எழுதிக்கொள்ளுங்கள்; மகன் பெயர் வேண்டாம். எங்கள் குடும்பத்தில் யார்மேலும் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.